சீனியர் கோழிகளும் ஜூனியர் குஞ்சுகளும்

கேள்வி: மொட்டை மாடியில் நாலு கிரிராஜா ரகப் பெட்டைகள் வளர்க்கிறேன். புதிதாக ஆறு குஞ்சுகள் வாங்கி விட்டேன். பெரியவை கொத்தியே விரட்டுகின்றன. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, ஆஸ்டின் டவுன், பெங்களூரு

பதில்: உங்கள் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடிவருகிறவரையே பழைய குடித்தனக்காரர்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அட்வான்ஸே இல்லாமல் வந்தால் கொத்தாமல் என்ன செய்யும்? யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு சீனியாரிட்டி லிஸ்ட் உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எபே 1920-களிலேயே அதை ஆராய்ந்து எழுதிவிட்டார்.

முதலில் குஞ்சுகளைப் பிரித்து வையுங்கள். எட்டு வார வயதாவது ஆகட்டும். பிறகு நடுவே கம்பிவலை கட்டி, பார்த்துக்கொள்ளலாம், தொடக்கூடாது என்று ஒரு வாரம் விடுங்கள். சேர்க்கும்போது ஆறையும் ஒன்றாகச் சேருங்கள். ஒற்றையாகப் போனால் தர்ம அடிதான். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒளிய நாலு செங்கல் மறைவும் வேண்டும். லேசான கொத்தலுக்குப் பதறாதீர்கள். ரத்தம் தெரிந்தால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள், மற்றவையும் அந்த இடத்தையே குறிவைக்கும்.

முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சு தின்னக் கூடாது. அதிலுள்ள கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாருக்கும் வளர்பருவத் தீவனமே போட்டு, பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனியாக வையுங்கள்.

ஆறில் ஒன்று சேவலாகி, விடியற்காலை நாலரைக்குக் கூவ ஆரம்பித்தால், தெருக்காரர்களோடு பழக்குவது எப்படி என்று தனிக் கேள்வி அனுப்புங்கள்.