மான்மியத்தில் சேர்க்காத படலம்

மட்டக்களப்பு மான்மியம் என்ற ஏட்டை எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் அச்சில் கொண்டுவந்தார். யார் எந்தக் குடி, எந்தக் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, எந்த ராசா எந்தக் காட்டை வெட்டினான் என்பதெல்லாம் அதில் உண்டு. தேர்தல் மட்டும் இல்லை. ராசாக்கள் காலத்தில் புள்ளடி போடும் வழக்கம் இல்லாதது ஏடு எழுதியவருக்கு வசதியாகப் போயிற்று. விட்ட இடத்திலிருந்து நாம் எழுதுவோம்.

உலகநாச்சியில் தொடங்குவதே முறை. கலிங்கத்து இளவரசி. புத்தரின் பல்லைக் கூந்தலுக்குள் ஒளித்துக் கடல் கடந்து வந்து, மேகவர்ணன் என்ற மன்னனிடம் கொடுத்து, பதிலுக்குக் காணி கேட்டாள் என்கிறது மான்மியம். காணி கிடைத்தது. காடு வெட்டி மண்முனையை ஆண்டாள். தென்னிலங்கையோடு பேரம் பேசிப் பதவி பெற்ற முதல் மட்டக்களப்பார் அவள்தான். பிற்காலத்தில் பலர் அதே வழியில் கொழும்புக்குப் போனார்கள். அவர்கள் கையில் பல் இருக்கவில்லை. சிலருக்கு வாயிலும் இருக்கவில்லை.

பெண் வாங்கிய காணி என்பதாலோ என்னவோ, மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் குடி தாய்வழிதான். உலகிப்போடிகுடிக்காரியின் பிள்ளை உலகிப்போடிகுடி. அப்பன் காலிங்காகுடி என்றால் அது அப்பனின் சொந்தப் பிரச்சினை. வீடும் வளவும் மகளுக்கு. மருமகன் ஒரு பெட்டியோடு வந்து சேருவார். காத்தான்குடி முஸ்லிம் வீடுகளிலும் இதே கதைதான். ஆனால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியைப் பாருங்கள்: உரிமை தாய்வழியாக வரும், வந்து கதிரையில் உட்காருவது ஆண். இந்தச் சூட்சுமத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தேர்தல் எல்லாம் விளங்கும்.

இந்த ஊருக்குள்தான் இடதுசாரித் தோழர் 'உழுபவனுக்கே நிலம்' என்று வந்து இறங்க வேண்டியிருந்தது. வாவியின் மேற்கே, படுவான்கரையில் நூறு ஏக்கர் வயல்காரப் போடியாரைப் பிடித்து, "இதெல்லாம் உம்முடைய காணிதானே?" என்று தோழர் கேட்டால், போடியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எனக்கேது காணி மனே, எல்லாம் பெண்சாதிட சீதனம்" என்பார். வர்க்க எதிரியின் கையில் உறுதியே இல்லை! சரி, வயல் வேலையைப் பார்க்கும் முல்லைக்காரனைக் கிளப்பலாம் என்று போனால், அவன் போடியாருக்கு மனைவி வழியில் மச்சான் முறை. மார்க்ஸ் 'மூலதனம்' எழுதியபோது சீதனத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் விட்டது இந்தப் பக்கத்தில் பெரிய இடைஞ்சலாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தார் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டார்கள். 1956இல் பருத்தித்துறை, பொன். கந்தையா என்ற அசல் கம்யூனிஸ்டைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அந்தக் கோஷ்டியில் ஒருவரையும் வாவிக்கரை அப்போது அனுப்பவில்லை. அதற்காக இது பிற்போக்கு ஊர் என்று முத்திரை குத்தவும் முடியாது. மட்டக்களப்புத் தொகுதி 1947இல் சின்னலெப்பையை அனுப்பியது, 1952இல் ஆர். பி. கதிராமரை, 1956இல் செல்லையா இராசதுரையை. ஆளை மாற்ற ஊர் கூச்சப்படவில்லை. இராசதுரையோடு அந்தப் பழக்கம் நின்றுபோனது. வந்தவரைப் பாயோடு ஒட்டவைக்கும் ஊர் என்று மட்டக்களப்பைப் பற்றி ஒரு பேச்சு உண்டல்லவா? பாய் இருந்ததோ தெரியாது, மனிதர் 33 வருடம் ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டார்.

'சொல்லின் செல்வர்' என்று பட்டம். பேசத் தொடங்கினால் மைக்குக்கும் கண்ணீர் வருமாம். மட்டக்களப்பு மாநகரசபையின் முதல் மேயரும் அவரே. எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது வந்தது 1977.

மட்டக்களப்பு அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒரு தமிழர், ஒரு முஸ்லிம் வரட்டும் என்ற ஏற்பாடு. தமிழர் விடுதலைக் கூட்டணி இராசதுரைக்கு உதயசூரியனைக் கொடுத்தது. மெத்தச் சரி. கூடவே, 'உணர்ச்சிக் கவிஞர்' காசி ஆனந்தனுக்குத் தமிழரசுக் கட்சியின் பழைய வீட்டுச் சின்னத்தைக் கொடுத்து அதே தொகுதியில் இறக்கிவிட்டது. ஒரே அணி, இரண்டு சின்னம், இரண்டு பேச்சாளர். இரண்டு ஆசனத்தையும் பிடிக்கவே என்று மேலிடம் சொன்னது. தன்னைக் கவிழ்க்கவே என்று இராசதுரை ஆட்கள் நம்பினார்கள். சூரியன் வாவியின் கிழக்கே எழுவான்கரையில் எழும்பி வீட்டுக் கூரைக்கு மேலால் போனது. இராசதுரை முதலாவது, ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பை இரண்டாவது, கவிஞர் மூன்றாவது. தாய்வழிச் சமூகத்தில் வீடு தோற்ற அதிசயம் அது. ஒரு வீட்டுக்கு இரண்டு மருமகன்மாரை ஒரே நாளில் அழைத்தால் வேறென்ன நடக்கும்?

மனிதருக்குக் கோபம் ஆறவில்லை. அப்போதைய ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன அந்தக் கோபத்தை மோப்பம் பிடித்தார். கட்சி மாறினால் ஆசனம் போய்விடும் என்று அவரே கொண்டுவந்த புதிய அரசியலமைப்பு சொன்னது. ஜே. ஆருக்கு அது ஒரு தடையா? எதிரணியில் இருப்பவர் ஆசனம் இழக்காமல் ஆளுங்கட்சிக்குள் வர வழிவிட்டு, 1979 பெப்ரவரியில் இரண்டாவது திருத்தம் நிறைவேறியது. மார்ச்சில் இராசதுரை அந்தப் பக்கம் போனார். பிரதேச அபிவிருத்தி, இந்து கலாசார அமைச்சர் ஆனார். அமெரிக்காவில் இரண்டாவது திருத்தம் என்றால் துவக்கு. இங்கே இரண்டாவது திருத்தம் என்றால் இராசதுரை.

அதற்குப் பின் 'கிழக்கான் விலைபோவான்' என்ற வசனம் வடக்கில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. 2018இல் ஐம்பத்திரண்டு நாள் அரசியலமைப்புக் குழப்பத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மட்டக்களப்பு உறுப்பினர் வியாழேந்திரன் கிறுகிப் பிரதி அமைச்சரானபோது அதே வசனத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

மட்டக்களப்பில் வீட்டுச் சின்னம் ஒரேயொரு தடவை ஒரு பெண்ணுக்குப் பலித்தது. 2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புப் பட்டியலில் வென்ற தங்கேஸ்வரி கதிர்காமன், கன்னங்குடாக்காரர், தொல்லியல் படித்தவர், குளக்கோட்டனைத் தேடி ஊரூராக அலைந்தவர். புதைந்து கிடந்தவற்றைக் கிண்டி எடுத்துப் பழகியவருக்கும் 2010இல் அணி மாறி நின்ற ஆளுங்கட்சியின் வெற்றிலைச் சின்னத்தின் அடியில் ஒன்றும் அகப்படவில்லை. தோற்றார். 2008இல் சிவகீதா பிரபாகரன் மேயரானார். பாராளுமன்றக் கதை தங்கேஸ்வரியோடு சரி. வீட்டைப் பெண்ணுக்கு எழுதிக்கொடுக்கும் மாவட்டம், வீட்டுச் சின்னத்தை மட்டும் பையன்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறது.

இனி தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு வருவோம். அதன் முதுகெலும்பான ஜே.வி.பி.க்கும் கிழக்குக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்ற 2006 உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவர்கள் தொடுத்த வழக்கில் வந்தது. பிரிந்த கிழக்குக்கு 2008இல் தேர்தல். முதல் முதலமைச்சர் பிள்ளையான். கதிரையைச் செய்தவர் ஒருவர், உட்கார்ந்தவர் இன்னொருவர். அந்தப் பிள்ளையான் 2020இல் விளக்கமறியலில் இருந்தபடியே 54,198 விருப்பு வாக்கோடு வென்றார். வெளியே வந்து வீடு வீடாகத் திரிந்து 2024இல் தோற்றார். மட்டக்களப்பு வாக்காளருக்கு வேட்பாளர் கொஞ்சம் தூர நின்றால்தான் பிடிக்கும் போலும்.

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் திசைகாட்டியின் அநுரகுமார திசாநாயக்கவுக்கு மாவட்டத்தில் 38,832 வாக்கு. தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன், இந்த மண்ணின் மைந்தர், சங்கை ஊதி வாங்கியது 36,905. சொந்த ஊரில் மாப்பிள்ளையை விட வழிப்போக்கனுக்குக் கூடச் சோறு விழுந்தது. தோழர்களுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. நவம்பர் பாராளுமன்றத் தேர்தலுக்கு வளவு வளவாக ஏறினார்கள். ஒரு கடப்படியில் இப்படி நடந்திருக்கும் என்று பந்தயம் கட்டலாம்:

"ஊழல் இல்லாத ஆட்சி வரப்போகுது பெரியம்மா."

"நல்லம் மனே. நீ எவடத்த கலியாணம் முடிச்சிரிக்காய்?"

"இன்னும் முடிக்கல்ல."

"மறுகா என்னத்துக்கு இஞ்ச வோட்டுக் கேட்டு வந்த?"

நவம்பர் 15 காலை வரைபடத்தைப் பார்த்தால், 22 தேர்தல் மாவட்டங்களில் 21 திசைகாட்டிக்கு. மிஞ்சியது மட்டக்களப்பு. தமிழரசுக் கட்சிக்கு 96,975 வாக்கு, மூன்று ஆசனம். தேசிய மக்கள் சக்திக்கு 55,498, ஓர் ஆசனம், கந்தசாமி பிரபு. முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று, ஹிஸ்புல்லா. அங்கே யாழ்ப்பாணத்தில் ஆளுங்கட்சி முதலிடம், மூன்று ஆசனம். நாற்பத்தைந்து வருடமாக 'கிழக்கான் அரசாங்கத்தோடு ஓடுவான்' என்று பாடம் எடுத்தவர்கள் கொழும்பு பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் இருந்தார்கள். கிழக்கான் தரிப்பிடத்தில் நின்று கை காட்டினான். சமூக ஊடகத்தில் மட்டக்களப்பார் அடித்த மேளத்தில் வாவி மீன்கூட ஒரு கிழமை பாடவில்லை.

கொண்டாட்டத்தைக் கொஞ்சம் குறைக்கவும் வேண்டும். திசைகாட்டிக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தது 24.85 வீதம், மட்டக்களப்பில் 19.33. அலை இரண்டு கரையிலும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தேசியம் சைக்கிள், சங்கு, மான், வீடு, சுயேச்சை என்று அண்ணன் தம்பிகளுக்குள் பங்கு பிரிந்து கிடந்தது. நாலிலொரு பங்கு வாக்கே முதலிடத்துக்குப் போதுமாயிற்று. மட்டக்களப்பில் வீட்டைப் பிரிக்கவில்லை. பிரிக்காத வீட்டுக்கு மூன்றிலொரு பங்கு வாக்கிலேயே மூன்று ஆசனம், அதில் ஒன்று முதலாவது வந்த கட்சிக்குப் போகும் போனஸ். இதைக் கொள்கைப் பிடிப்பு என்று சொல்வதை விடச் சீதனச் சட்டம் தெரிந்த ஊர் என்று சொல்வது நியாயம். முன்னணியில் வந்த சாணக்கியனுக்கு 65,458 விருப்பு வாக்கு. பட்டிருப்பின் பழைய எம்.பி. சீ. மூ. இராசமாணிக்கத்தின் பேரன். 2015இல் வெற்றிலையில் நின்று தோற்று, பிறகு தாத்தாவின் வீட்டுக்கே திரும்பி வந்தவர்.

அதே இரவில் தெற்கே மாத்தறையில் ஒரு கூத்து. சிங்கள பௌத்தக் கோட்டை என்று எல்லாரும் சொல்லும் மாவட்டம், சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண்ணுக்கு 148,379 விருப்பு வாக்குப் போட்டு அனுப்பியது. அவர் மகளிர், சிறுவர் விவகார அமைச்சரானார். உலகநாச்சியின் மண்ணிலிருந்து அந்தப் பாராளுமன்றத்துக்குப் போன ஐந்து பேரும் ஆண்கள்.

ஆகவே, அடுத்த முறை திசைகாட்டிக்கு வாய்ப்பு எப்படி? இரண்டு மாதத்தில் 16,666 வாக்குக் கூடியது சின்ன விஷயமல்ல. ஆனாலும் தோழர்கள் தங்கள் உழைப்பை நம்புவதை விட வீட்டுக்காரரை நம்பலாம். தமிழரசுக் கட்சிக்குள் நடந்த தலைவர் தெரிவு 2024 தொடக்கத்திலேயே திருகோணமலை நீதிமன்றப் படியேறிவிட்டது. அந்தச் சண்டை வாவிக்கரைக்கு இறங்கி வீடு இரண்டாகினால், யாழ்ப்பாணத்தில் நடந்த கணக்கு இங்கேயும் நடக்கும். துண்டுப்பிரசுரம் அடிக்கிற காசில் மாமாங்கேஸ்வரருக்கு ஒரு நேர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். மார்க்சியவாதி நேர்த்தி வைக்கலாமா என்பதைக் கட்சியின் மத்திய குழு கூடி முடிவெடுக்கட்டும்.