பாடத் தெரிந்த பையன்

ஜூலை பிறந்தால் ஒரகடம் சிப்காட்டில் புதுத்துணி வாசம் அடிக்கும். டிப்ளமோ முடித்த பையன்கள் மடிப்புக் கலையாத சீருடையும் குதிகாலைக் கடிக்கும் சேஃப்டி ஷூவுமாக வந்து இறங்குவார்கள். எங்கள் கம்பெனியில் அவர்களை டிரெயினிங் ஹாலில் உட்கார வைத்து ஒவ்வொருவராக எழுப்பி பெயர், ஊர், படிப்பு, பொழுதுபோக்கு கேட்பது வழக்கம். பொழுதுபோக்கு என்றால் நாற்பது பேரில் முப்பத்தெட்டு பேருக்குப் பாட்டுக் கேட்பது. ஒருவன் புத்தகம் படிப்பதாகச் சொல்வான். ஹாலே அவனைச் சந்தேகமாகப் பார்க்கும். போன வருஷம் மீதமிருந்த ஒருவன் எழுந்து, “கபடி சார். ரெய்டர்” என்றான். ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், ஒரத்தநாடு.

பின்வரிசையில் டீயும் பிஸ்கட்டுமாக இருந்த ஆறு டிபார்ட்மென்ட் ஆட்களும் நிமிர்ந்தார்கள். ஒரு பிஸ்கட் டீக்குள் விழுந்தது. அது என்னுடையது.

பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் கம்பெனியில் டிபார்ட்மென்ட்களுக்கு இடையே கபடிப் போட்டி நடக்கும். ஜெயித்த அணிக்கு ஆளுக்கொரு ஹாட்பாக்ஸும், கேன்டீன் சுவரில் ஒரு வருஷத்துக்குப் போட்டோவும். ஹாட்பாக்ஸை விடுங்கள், போட்டோதான் விஷயம். நான்கு வருஷமாக வெல்டிங் ஷாப்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் மெயின்டனன்ஸ்காரர்கள் நாங்கள் சாம்பார் சாதம் சாப்பிடுகிறோம்.

எங்களுக்கும் ஒரு ரெய்டர் இருந்தார். கம்ப்ரஸர் ரூம் அண்ணன். ஒரு காலத்தில் வாலாஜாபாத்திலிருந்து படப்பை வரைக்கும் அவர் பாடப் போகாத, அதாவது ரெய்டு போகாத, ஊர்க் கோயில் திருவிழா கிடையாது. இப்போது வயது முப்பத்தொன்பது. ஆலை முழுக்கக் காற்றுக் கொடுப்பவர் அவர்தான். அவருக்குத்தான் காற்றுப் பத்தவில்லை. ரெய்டுக்கு உண்டான முப்பது விநாடியில் இருபதை நடுக்கோட்டுப் பக்கத்திலேயே செலவழித்து, மீதிப் பத்தில் எதிராளியிடம் நலம் விசாரித்துவிட்டு வருவதுபோலத் திரும்புவார்.

ஆகவே புது ரெய்டரை எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் எழுந்தது. பஸ் ஒரகடம் மேம்பாலத்தை நெருங்குவதற்குள் அணி இரண்டாகப் பிளந்துவிட்டது.

எடுக்க வேண்டும் என்றவர்கள் பத்துப் பேர். வேண்டாம் என்றது ஒரே ஒருவர், குவாலிட்டியிலிருந்து எங்களுக்கு மாறி வந்த இன்ஜினியர். உடம்பு மாறி வந்ததே தவிர புத்தி அங்கேயே தங்கிவிட்டது. எதைக் கண்டாலும் ‘ஏன்?’ என்பார். ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்த ஐந்து ‘ஏன்’ இந்த ரோட்டில் எல்லாக் கம்பெனிச் சுவரிலும் ஒட்டியிருக்கும். அதை வீட்டுக்கும் எடுத்துப்போகிற ஒரே மனிதர் அவர்தான். இரண்டு முறை பெண் பார்த்துவிட்டு வந்தவர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

“பிரஸ்ஸை வேகமா ஓட்டினா என்ன ஆகும்? வெல்டிங்குக்கு முன்னாடி பேனல் மலையாக் குவியும். வண்டி ஒண்ணுகூட சேர்த்து வெளிய போகாது. ரெய்டரும் அப்படித்தான்” என்றார்.

“கபடி வேற, லைன் வேற சார்” என்றார் கேப்டன்.

“என்ன வேற? நீங்க ஒரு ரெய்டு போனா அவன் ஒரு ரெய்டு வர்றான். நம்மாளு அவுட்டானா, அவனுங்கள்ல ஒருத்தனத் தொட்டோ பிடிச்சோ அவுட்டாக்கினாத்தான் நம்மாளு உள்ள வர முடியும். தொடற ஆளே வெளிய இருக்கும்போது பிடிக்கவும் ஆளில்லன்னா அந்தப் பையன் வெளியே உக்காந்து வேடிக்கதான் பார்ப்பான்.”

உண்மையில் இது எங்கள் பஸ்ஸில் மட்டும் நடக்கும் சண்டை இல்லை. என் மைத்துனன் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிறான். அந்த ஊர் ஃபுட்பாலில் பந்தைக் காலால் தொடுவதே அபூர்வம். கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு ரன்னிங் பேக் என்று பெயர். வருஷா வருஷம் ஏப்ரலில் கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசை வைத்து எடுக்கும். போன சீசனில் மோசமாகத் தோற்றவனுக்கே முதல் வாய்ப்பு. எங்கள் டிரெயினிங் ஹால்தான், டிவியில் காட்டுவார்கள் என்பது மட்டும் வித்தியாசம். 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் தனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பில் சாக்வான் பார்க்லி என்ற ஓட்டக்காரரை எடுத்தது. மைத்துனன் அவர் பெயர் போட்ட ஜெர்சி வாங்கினான். ஆறு சீசனில் அணி பிளே ஆஃப் பக்கம் எட்டிப்பார்த்தது ஒரே முறை. 2024இல் பார்க்லி பக்கத்து ஊர் பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார். முதல் சீசனிலேயே 2,005 கெஜம் ஓடி, சூப்பர் பௌலையும் வாங்கிவிட்டார். கால் அதே கால்தான். முன்னால் நின்று வழிவிலக்கிக் கொடுத்தவர்கள்தான் வேறு. அவர்களில் ஜோர்டன் மைலாட்டா என்ற ஆஸ்திரேலியர் 165 கிலோ மலை. அவரையும் அதே 2018இல்தான் எடுத்தார்கள், 233ஆவது ஆளாக. அவர் பெயரில் ஜெர்சி வாங்கும் யோசனை என் மைத்துனனுக்கு வரவில்லை.

நம்மூருக்கு வந்தாலும் இதே கதைதான். தமிழ் தலைவாஸ் 2017இல் புரோ கபடிக்கு வந்தது. 2019இல் அஜய் தாக்கூரோடு ராகுல் சவுத்ரியையும் சேர்த்தார்கள். இரண்டு பேரும் கபடி உலகத்து ரஜினி, கமல். நாங்கள் அட்வான்ஸாக ஸ்வீட் வாங்கினோம். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். 2022இல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அந்த லீகில் அதுவரை யாருக்கும் போகாத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். அதுவும் பாடப் போன இடத்தில் இல்லை, எதிராளியைப் பிடிக்கப் போன இடத்தில். சீசனே முடிந்தது என்று எல்லோரும் தலையில் துண்டைப் போட்டோம். அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது! புதுப்பையன் நரேந்தர் 243 ரெய்டு பாயின்ட் எடுத்தான், வாஸ்தவம். ஆனால் அவன் அவுட்டானால் திரும்ப உள்ளே கூட்டிவரப் பின்னால் நின்று பிடிக்கிற கூட்டம் இருந்தது: சாகர் ரைட் கார்னர், சாஹில் குலியா லெஃப்ட் கார்னர், நம்ம அபிஷேக் கவர். இந்தப் பாடத்தைக் கற்று, 2024 ஏலத்தில் 2.15 கோடிக்கு எடுத்தது யாரை? சச்சின். இன்னொரு ரெய்டர். ஒன்பதாவது இடம்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ரெய்டர் தனியாகப் போகிறான், ஏழு பேருக்கு நடுவில் துள்ளுகிறான், ‘கபடி கபடி’ என்று அவன் குரல் மட்டும் கேட்கிறது. ஓரத்தில் நிற்கும் கார்னர் என்ன செய்கிறான்? குனிந்து நிற்கிறான். கணுக்காலைப் பிடித்தால் மூஞ்சி மண்ணில் இருக்கும். போட்டோவில் முதுகுதான் விழும். ‘கில்லி’யில் விஜய் லெஃப்ட் கார்னராக வந்திருந்தால் படம் ஓடியிருக்குமா?

பஸ் சுங்குவார்சத்திரம் போய்ச் சேர்வதற்குள் குவாலிட்டிக்காரர் நோட்டை எடுத்துவிட்டார்.

“போன பொங்கலுக்கு ஏன் தோத்தோம்?”

“அவங்க முப்பத்தெட்டு, நாம முப்பத்தொண்ணு.”

“ஏன் முப்பத்தெட்டு விட்டோம்?”

“ரெய்டுக்கு ரெய்டு தொட்டுட்டுப் போனானுங்க.”

“ஏன்? எந்தப் பக்கம் தொட்டுட்டுப் போனாங்க?”

பஸ்ஸில் திடீரென்று என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. கம்ப்ரஸர் ரூம் அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கேப்டன் செல்போனை எடுத்துப் பார்த்தார். அதில் சார்ஜ் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு தகவல். பதினொரு வருஷமாக மெயின்டனன்ஸ் அணியின் லெஃப்ட் கார்னர் நான்தான்.

நாலாவது ‘ஏன்’ வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். “கணக்கெல்லாம் அப்புறம் சார். அந்தத் தஞ்சாவூர்ப் பையன வெல்டிங் ஷாப் தூக்கிட்டா, நாம இன்னும் அஞ்சு வருஷம் அந்தப் போட்டோவுக்குக் கீழதான் சாப்பிடணும்!” என்றேன். பஸ்ஸே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தப் பத்துப் பேரில் மிகச் சத்தமாகப் பேசியவன் யார் என்று இப்போது புரிந்திருக்கும்.

மறுநாள் பங்கீடு. எங்கள் மேனேஜருக்குக் கபடி தெரியாது, பையனைக் கூப்பிட்டு, “பி.எல்.சி. தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். மெஷினுக்கு மூளையாக இருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் கேட்டார். பதற்றத்தில் இருந்த பையன், அது பி.கே.எல். என்கிற புரோ கபடி மாதிரி ஏதோ லீக் என்று நினைத்து, “ரெண்டு வருஷம் ஆடியிருக்கேன் சார்” என்றான். கேப்டன் குறுக்கே புகுந்து, “புரோகிராம்ல விளையாடியிருக்கான்னு சொல்றான் சார்” என்று காப்பாற்றினார். வெல்டிங் ஷாப்பைத்தான் சமாளிக்க முடியவில்லை. கடைசியில் ஒப்பந்தம் போட்டோம்: மூன்று மாதத்துக்கு, அவர்கள் ரோபோ எந்த நேரத்தில் மக்கர் செய்தாலும், பெயின்ட் ஷாப்பை அம்போவென்று விட்டுவிட்டு முதலில் அங்கே ஓட வேண்டும். அந்த மூன்று மாதமும் அவர்கள் ரோபோவுக்குத் தும்மல் வந்தாலும் எங்களுக்கு போன் வந்தது.

பையன் சொக்கத் தங்கம். ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால், கிராவல் குத்தும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பயிற்சி. முதல் நாளே எங்கள் ஏழு பேரையும் தொட்டுவிட்டு, மூச்சு வாங்காமல் “சாரிண்ணே” என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னான்.

ஜனவரியில் ஃபைனல். எதிரே வெல்டிங் ஷாப்தான். பையன் பதினேழு பாயின்ட் எடுத்தான். கேன்டீன் அண்ணன் கரண்டியோடு வந்து நின்று விசில் அடித்தார். ஆனால் ஒருமுறை அவுட்டாகி வெளியே போனால் அவனைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது எளிதாக இல்லை. வெல்டிங் ஷாப் ரெய்டர் வருவார், நேராக என் பக்கம் வருவார், என் தோளையோ முட்டியையோ உரிமையோடு தொட்டுவிட்டுப் போவார். ஒருமுறை கணுக்காலைப் பிடித்தேன், பலமாகத்தான் பிடித்தேன். எழுந்து பார்த்தால் அது எங்கள் கவர் ஆளின் கால். நாற்பது நிமிஷ ஆட்டத்தில் பையன் வெளியே உட்கார்ந்திருந்தது பத்தொன்பது நிமிஷம். இந்தக் கணக்கு குவாலிட்டிக்காரருடையது. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். 41–36. போட்டோ மாறவில்லை.

பஸ்ஸில் பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “எத்தனை வருஷமாண்ணே கார்னர்ல நிக்கிறீங்க?” என்று கேட்டான்.

“பதினொண்ணு ஆச்சு தம்பி.”

“அதாண்ணே. நின்னுட்டே இருக்கீங்க.”

இந்த ஜூலையும் வந்துவிட்டது. அதே ஹால், அதே டீ. நான் பின்வரிசையில் ஜாக்கிரதையாக, பிஸ்கட் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பாட்டுக் கேட்பது, பாட்டுக் கேட்பது என்று வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. மணப்பாறைப் பையன் ஒருவன் எழுந்தான். அகலமான தோள், காதோரம் பழைய மண்காயம்.

“கபடி சார். லெஃப்ட் கார்னர்.”

கேப்டன் திரும்பி என்னைப் பார்த்தார். குவாலிட்டிக்காரர் நோட்டைத் திறந்தார். மேனேஜர் ஏதோ மெயில் படித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கப்போவதாகத் தெரியவில்லை.

நான் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்: “தம்பிக்கு பி.எல்.சி. தெரியுமா?”