ஏத்திக் கொடுத்த படம்

டிவிடியின் பூட்டை 1999இல் உடைத்தவர்களில் ஒருவர் நோர்வேயின் யோன் யோஹான்சன். அப்போது வயது 15. 2003இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே ஆண்டுதான் இலங்கையில் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. இரண்டு சேதியும் ஹட்டன் கடைத்தெருவை எட்டியதாகத் தெரியவில்லை. அங்கே பூட்டு இருந்தால்தானே உடைக்க? டிஸ்க்கே தியேட்டரில் கேமரா வைத்துப் பிடித்தது. முன்வரிசைக்காரர் எழுந்து போவதும் படத்தில் இருந்தது. அதைத்தான் கடைக்காரரின் மென்பொருள் பயபக்தியோடு 'காப்புப் பிரதி' எடுத்தது. 720க்கு 576 புள்ளிப் படம், 3GP கோப்பாகி 176க்கு 144ஆகச் சுருங்கி போனின் மெமரி கார்டில் ஏறியது. லயத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் கதாநாயகன் கொழுந்து அளவு. வில்லனும் அதே அளவு. சண்டையில் யார் யாரை அடிக்கிறார் என்று கேட்டால், "பாட்டு வரட்டும்ணே, ஜெயிச்சவரு ஆடுவாரு" என்பான் பக்கத்து வீட்டுத் தம்பி.