கடல் இல்லாத தீவு

கடல்மட்டம் உயர்வதால், துவாலு தீவு நாட்டிலிருந்து ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம் என்று 2023-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. யார் யார் போவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதெல்லாம் பழைய கதை. இறையனார் களவியல் உரையை நம்பினால், தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களின் மறுகுடியேற்றக் குடியிருப்புதான் இந்த ஊர். பாண்டியனிடம் யாரும் விசா கேட்கவில்லை, குலுக்கலும் கிடையாது.

மூன்றாம் முறை உஷாராகக் கடலைவிட்டுத் தள்ளியே இடம் பிடித்தார்கள். ஆனாலும் தீவு ஆசை விடவில்லை. கண்மாயைத் தூர்த்து மனை போட்டு, வரத்துக் கால்வாயை மறித்துச் சுவர் எழுப்பி, 'நகர்' என்று பலகை நட்டால் நம் வேலை முடிந்தது. மீதியை மழை பார்த்துக்கொள்ளும். 2024 அக்டோபர் 25-இல் சில மணி நேர மழையிலேயே செல்லூர்ப் பக்கம் வீடுகளெல்லாம் தீவுகளாயின.

துவாலுக்காரரைத் துரத்துவது ஊரார் விட்ட புகை. நம்மைத் துரத்துவது, பழைய வரைபடப்படி சொந்த இடத்துக்கே திரும்பி வரும் கண்மாய்த் தண்ணீர். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் அதன்மேல் ஆக்கிரமிப்பு மனு கொடுத்துப் பார்க்கலாம், ரசீதாவது கிடைக்கும்.