கடலோசையா, கட்டளையா?

கேள்வி: இத்தாலியக் கவிஞர் தாந்தே கத்தோலிக்கர். அவருடைய நூலைப் போப்பை எதிர்த்த சீர்திருத்தக்காரர்கள் எப்படித் தூக்கிப் பிடித்தார்கள்?
– தில்லைநகர் வாசகர்

பதில்: அதிலிருந்த ஒரு வாதத்துக்காக. பேரரசரின் அதிகாரம் போப்பின் கைவழியாக வருவதில்லை, கடவுளிடமிருந்தே நேராக வருகிறது என்று 'மொனார்க்கியா'வில் எழுதினார் தாந்தே. அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1329-இல், ஒரு கர்தினால் அதை எரிக்கச் செய்தார். 1559-இல் பாசல் நகரில் ஒபொரினுஸ் அதை அச்சேற்றினார். போப்போடு மல்லுக்கு நின்றவர்களுக்கு இரு நூற்றாண்டுக்கு முந்தைய சாட்சி ஒருவர் கிடைத்துவிட்டார்! ரோமாபுரியின் தடைநூல் பட்டியலில் ஏறிய அந்தப் புத்தகம் 1881-இல்தான் இறங்கியது. தாந்தே கடைசிவரை கத்தோலிக்கர்தான்.

கேள்வி: நம்மூரில் அப்படிக் கவிஞர் பாட்டை எடுத்தாண்டவர் உண்டா?
– வடக்குச் சித்திரை வீதி வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: உங்கள் வீதியைச் சுற்றியே நடந்திருக்கிறது, அம்மா. யார் யாருக்குத் தலைவர் என்பதைத் தீர்மானிப்பதுதானே அரசியல்? திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் ஏழாம் பதிகத்தை எடுத்துப் பாருங்கள். திருமாலின் அடியார் எந்தத் தாழ்ந்த குலத்தில் பிறந்திருந்தாலும் அவரே என்னை ஆளும் தலைவர் என்று நம்மாழ்வார் அடித்துச் சொல்கிறார்.

பாடுவது எளிது. செய்து காட்டியவர் இராமானுசரின் ஆசிரியர் பெரிய நம்பி. வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் சீடர்களில் மாறனேறி நம்பி என்பவர் தாழ்த்தப்பட்ட குலத்தவர். அவர் பரமபதித்தபோது ஈமக்கடனைப் பெரிய நம்பி தம் கையாலேயே செய்தார் என்கிறது குருபரம்பரை. பிராமணர் செய்யலாமா என்று ஊர் அவரை ஒதுக்கியது. சீடரான இராமானுசரே வந்து காரணம் கேட்டார். ஜடாயுவுக்குக் கடன் செய்த இராமனைவிட நான் உயர்ந்தவனா, அந்தப் பறவையைவிட இவர் தாழ்ந்தவரா என்று திருப்பிக் கேட்டார் பெரிய நம்பி. அடுத்த கேள்விதான் என்னை இன்றும் உலுக்குகிறது: ஆழ்வார் பாடியதெல்லாம் வெறும் கடலோசையோ?

காதில் விழும், மனசில் ஏறாது. அதுதான் கடலோசை. பாசுரத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஒரு பாடையருகே போய் நின்றவர் அவர்.

கேள்வி: ஆழ்வார்கள் பக்தியில் கரைந்து பாடினார்கள். சாதி எதிர்ப்பை அதில் பின்னால் வந்தவர்கள் ஏற்றிவிட்டார்களோ?
– கல்லூரி மாணவர், திருவெறும்பூர்

பதில்: ஒருவர் விஷயத்தில் இல்லை, இன்னொருவர் விஷயத்தில் ஆமாம். அரங்கனுக்கு நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த தொண்டரடிப்பொடி ஆழ்வார் அந்தணர். 45 பாடல் கொண்ட அவருடைய 'திருமாலை'யின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். நான்கு வேதம் ஓதியவரே ஆனாலும், அடியாரின் பிறப்பைச் சொல்லிப் பழித்தால் அந்தக் கணமே அவர்தாம் இழிந்தவர் என்கிறார். இதில் யாரும் புதிதாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

உறையூர்த் திருப்பாணாழ்வார் பாடிய 'அமலனாதிபிரான்' வேறு. அதன் பத்துப் பாட்டில் சாதியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அரங்கனின் திருவடியில் தொடங்கிய பார்வை, மேலே ஏறிக் கண்களில் போய்ச் சிக்கிக்கொள்கிறது, அவ்வளவே. உலோகசாரங்க முனிவர் எறிந்த கல், பாணரின் நெற்றி ரத்தம், பின்பு அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்குள் போனது எல்லாம் பாட்டுக்கு வெளியே, வரலாறு சொன்னவர்கள் தந்தவை. ஆனாலும் வேதாந்த தேசிகர் இந்தப் பத்துப் பாட்டுக்கு எழுதிய உரைக்கு 'முனிவாகன போகம்' என்று பெயர். முனிவரை வாகனமாகக் கொண்டவரின் அனுபவம்! கதை உரையின் தலைப்பிலேயே ஏறிவிட்டது. நான் அதைத் தவறென்று சொல்லமாட்டேன்.

கேள்வி: ஆழ்வார் பாட்டை இப்படி எடுத்தாண்ட நூல் ஒன்றைச் சொல்லுங்கள்.
– புத்தூர் வாசகர்

பதில்: 'ஆசார்ய ஹிருதயம்'. பிள்ளை லோகாசாரியரின் தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஸ்ரீரங்கத்தில் எழுதியது. ஆழ்வார்களின் சொற்களையே நறுக்கி, கோத்து, சூர்ணிகைகள் என்னும் உரைநடை வாக்கியங்களாக்கியிருக்கிறார். பூக்காரர் உதிரிப்பூவை வைத்துச் சரம் கட்டுவதுபோல. பூ ஆழ்வாருடையது, நார் நாயனாருடையது. அந்தச் சரம் நம்மாழ்வாரின் பிறப்பைக் குறைவாக நினைப்பவர் வாயை அடைக்கிறது. மணவாள மாமுனிகளின் உரையோடு, மெதுவாகப் படியுங்கள். நடை கடினம்.

கேள்வி: நாத்திகரான கலைஞர் 2015-இல் இராமானுசர் தொலைக்காட்சித் தொடருக்கு எழுதினாரே, அவருக்கு என்ன உரிமை?
– பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

பதில்: தமிழ் படித்தவர் எல்லோருக்கும் உள்ள உரிமை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அடியார் எல்லோரும் சமம் என்று இராமானுசர் சொன்னது அவர்கள் அரங்கனுக்கு அடியார் என்பதால். அரங்கனை எடுத்துவிட்டால் அந்த வாதத்துக்கு வேறு கால் தேடவேண்டும்.

இதைவிட எனக்கு வலிப்பது, கோஷ்டியில் பாசுரம் சேவித்துவிட்டு வீட்டு வாசலில் நின்று குலம் விசாரிப்பவர்கள். காவிரிக்கு நீராடப் போகையில் பிராமணச் சீடரின் கையைப் பிடித்துப் போன இராமானுசர், நீராடித் தூய்மையான பிறகு உறையூர் மல்லர் பிள்ளை உறங்காவில்லி தாசரின் கையைப் பிடித்துத் திரும்பினார் என்பார்கள். எந்தக் கையை எப்போது பிடித்தார் என்று கவனியுங்கள்.

கேள்வி: கவிஞர் பாட்டை எடுத்தாள யாருக்குத் தகுதி?
– பீமநகர் வாசகர்

பதில்: அதற்காக ஊர்விலக்கைத் தாங்கத் துணிந்தவருக்கு.

கேள்வி: திருப்பாணாழ்வாரை நினைக்க எங்கே போகலாம்?
– சென்னை வாசகி

பதில்: அவர் பிறந்த ஊருக்கே வாருங்கள். ஸ்ரீரங்கத்தோடு திரும்பிவிடாமல், காவிரியைத் தாண்டி உறையூர் நாச்சியார் கோயிலுக்கும் போங்கள். அவர் திருநட்சத்திரம் கார்த்திகையில் ரோகிணி.