கோபோல்காரர்களைப் பழிக்கலாமா?

கேள்வி: கோபோல் மொழியில் நிரல் எழுதுவோரைப் பழம்பஞ்சாங்கங்கள் என்று புதுமொழிக்காரர்கள் பரிகசிக்கிறார்களே, தகுமா?

பதில்: தகாது. நிரலியல் மேதை டைக்ஸ்ட்ரா, அம்மொழி பயன்படுத்துவோர் அறிவையே கெடுக்கும் என்று 1975-இல் கடுமையாக எழுதினார். அவருடைய மேதைமையில் நூற்றிலொரு பங்கும் வாய்க்காதவர்கள், அந்த வசையை மாத்திரம் பிதுரார்ஜிதமாகப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் 2020-இல், கொள்ளைநோயால் வேலையிழந்த ஜனங்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் மலையெனக் குவிந்து, அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாகாண அரசின், கோபோலில் இயங்கிய பழைய கணினிகள் திணறியபோது, ஆளுநர் ஃபில் மர்ஃபி பகிரங்கமாக உதவிக்கு அழைத்தது இந்தப் பழம்பஞ்சாங்கங்களைத்தான். மொழியில் குறை காண்பது விமரிசனம், அது அவசியமே. அம்மொழியைக்கொண்டு ஜீவனம் நடத்துபவரை இழிவு செய்வது அவிவேகம். பரிகசிக்கும் நண்பர்கள், பைசா பிசகாமல் வட்டி கணக்கிடும் கோபோல் நிரல்களில் ஒன்றையேனும் பொறுமையாகப் படித்துவிட்டுப் பேசட்டும்.