பதின்மூன்றாம் வாயில்: மூத்த தம்பதியரின் உல்லாசப் பயணம் குறித்து ஓர் ஆய்வு

கணவனுக்கும் மனைவிக்கும் இடையே தூது போகத் தகுந்தவர்கள் யார் யார் என்று தொல்காப்பியர் கற்பியலில் ஒரு பட்டியல் தருகிறார். தோழியில் தொடங்கிக் கண்டோரில் முடியும் அந்தப் பட்டியலில் பன்னிரண்டு வகையினர். பாணன் உண்டு, கூத்தர் உண்டு, வீட்டுக்கு வந்த விருந்தினர் உண்டு. இலக்கணம் இவர்களை வாயில்கள் என்கிறது. ஊடல் நடக்கும் வீட்டுக்குள் தலைவன் கால் வைக்க வேண்டுமானால் இவர்களில் யாராவது ஒருவர் முன்னால் போயாக வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலைவனுக்கு அறுபத்தெட்டும் தலைவிக்கு அறுபத்து மூன்றும் ஆனபிறகு யார் தூது போவது என்பதைப் பற்றி நூலாசிரியரும் பேசவில்லை, உரையாசிரியர்களும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை.

நடுவயதில் இந்த வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரே கூடத்தில், கூப்பிடு தூரம்கூட இல்லாத தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி, “உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்று அடுக்களையிலிருந்து உத்தரவு போகும். “வரேன்னு சொல்லு” என்று பதில் வரும். நடுவில் நிற்கும் பிள்ளை வாயே திறப்பதில்லை. திறக்கத் தேவையுமில்லை, சொன்னது சொன்னவர் வாயாலேயே கேட்டாகிவிட்டது. ஆனாலும் பிள்ளை அங்கே நின்றாக வேண்டும். அது பெங்களூருக்கோ டல்லாஸுக்கோ போய்விட்டால் வீட்டில் பேச்சு படுத்துவிடுகிறது. கொஞ்சநாள் டிவி சீரியல் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. அதற்கும் இரவு பத்தரைக்கு மேல் தெம்பில்லை.

இந்த நிலையில்தான் பிள்ளை, பதவியை விட்டுப்போன குற்ற உணர்ச்சியிலோ என்னவோ, அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறது. ஒன்று மலை ரயில், அல்லது கப்பல். உல்லாசம், ஓய்வு, இயற்கை எழில் என்று விளம்பரங்கள் சொல்லும் காரணங்களை இவ்வாய்வாளர் நிராகரிக்கிறார். பார்க்கக் கிடைக்கும் காட்சிதான் பதின்மூன்றாவது வாயில். அதைத் தேடித்தான் மூத்த தம்பதியர் கிளம்புகிறார்கள். இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

முறையியல் பற்றிச் சுருக்கமாக: எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் திறந்து வைத்திருத்தல். மாதிரி அளவு எவ்வளவு என்று கேட்கும் நெறியாளர்களுக்கு: ஒரு பெட்டிக்குள் எத்தனை பேர் முட்டி இடிக்க உட்கார முடியுமோ அத்தனை. பெயர்கள் ஆய்வு நெறிப்படி மறைக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான கணவர்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், மின்வாரியக்காரர்கள், வங்கிக்காரர்கள் என்பதை மட்டும் சொல்லலாம். அதை அவர்களே ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிடுகிறார்கள்.

முதற்களம் நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி தாண்டிக் கிளம்பி, உதகைக்கு நண்பகலை ஒட்டிப் போய்ச் சேர்கிறது. தூரம் 46 கிலோமீட்டர். சைக்கிளில் போகும் மனிதன் சமதரையில் இதைவிட வேகமாகப் போவான். ஆனால் ஏறவேண்டியது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டரில் தொடங்கி 2,200 மீட்டர் வரை. கல்லாறு தாண்டியதும் பாதை பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயர்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுகிறது. குன்னூர் வரை 1899இல் வந்த ரயில் உதகையை எட்ட 1908 ஆயிற்று. அந்தப் பொறுமை இன்றும் வண்டிக்குள் இருக்கிறது. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது பொறியியல் நுட்பத்தைப் பாராட்டியது. தம்பதியர் விஷயத்தில் அதன் பங்களிப்பு இன்னும் ஏற்கப்படவில்லை.

முதலில் இருக்கைப் பங்கீடு. ஜன்னலோரத்துக்குத்தான் போட்டி என்று இளைய ஆய்வாளர்கள் நினைப்பார்கள். தவறு. அறுபதுக்கு மேல் யார் எங்கே உட்காருவது என்பதை நல்ல காதுதான் தீர்மானிக்கிறது. கணவருக்கு வலது காது மந்தமென்றால் மனைவி இடப்பக்கம் உட்காருகிறார்; ஜன்னல் எந்தப் பக்கம் வாய்த்தாலும் சரி. சண்டை போட ஏற்ற காது எது என்று முப்பது, நாற்பது வருடப் பழக்கத்தில் தெரிந்து வைத்திருக்கிறார்கள். சில கணவர்கள் மந்தக் காதை மனைவி பக்கம் திருப்பி உட்கார முயல்வதும் உண்டு. கல்லாறு வருவதற்குள் இடம் மாற்றப்பட்டுவிடுகிறது.

மேலேறும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. “ஏங்க, இஞ்சின் பின்னால இருக்கே, வழி எப்படித் தெரியும்?” என்ற கேள்வி எல்லாப் பெட்டியிலும் எழுகிறது. பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்டுவதையும் பல்சக்கரத் தத்துவத்தையும் கணவர் விளக்கத் தொடங்குகிறார். பணியில் இருந்தபோது அலுவலகத்தில் யாரும் இத்தனை கவனமாகக் கேட்டதில்லை. பின்னாலிருந்து தள்ளுவதை இல்லறத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதும் ஆசையை இவ்வாய்வாளர் அடக்கிக்கொள்கிறார்.

கருதுகோளுக்கு வலுவான சான்று குகைகளில் கிடைத்தது. இப்பாதையில் 16 குகைகள் உண்டு. குகைக்குள் வண்டி நுழைந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் புதுமணத் தம்பதியரும் கூச்சலிடுகிறார்கள். மூத்த தம்பதியர் மட்டும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். “உங்க தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துல எனக்குன்னு எடுத்த புடவை…” என்று பாதியில் நின்ற குற்றச்சாட்டு, மறுபக்கம் வெளிச்சம் வந்து, பள்ளத்தாக்கும் ஓடையும் தெரிந்ததும், “…அது சாயம் போச்சா இல்லையா?” என்று விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. இருட்டில் தொடர்ந்தால் அது நேருக்கு நேர் கேட்டதாகிவிடும். பள்ளத்தாக்கைப் பார்த்துக் கேட்டால் பள்ளத்தாக்கிடம் கேட்டதாகும். பதில் சொல்வதும் சொல்லாததும் கணவர் விருப்பம். காட்சி இருந்தால் பேச்சு, காட்சி மறைந்தால் மௌனம். ஒரே பயணத்தில் இயற்கையும் வெள்ளைக்காரனும் சேர்ந்து 16 பரிசோதனைச் சாலைகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் இதற்கு நிதி தரும்?

பேச்சுக்குக் காரணம் காட்சி அல்ல, தூக்குப் பாத்திரத்தில் வந்த புளியோதரைதான் என்று ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது இதைச் சோதிக்க முடிந்தது. எல்லோரும் இறங்கி டீ குடிக்கிறார்கள். குரங்குகள் கூரையிலிருந்து இறங்கி வருகின்றன. புளியோதரைப் பொட்டலம் ஒன்று குரங்கு கைக்குப் போனது. பொட்டலம் போனபிறகு அந்தத் தம்பதியரின் பேச்சு குறையவில்லை; இரட்டித்தது. “வெளியில வெக்காதீங்கன்னு சொன்னேனா?” என்று மனைவி கேட்டது குரங்கைப் பார்த்து. எனவே மாற்றுக் கருத்து தள்ளப்படுகிறது.

சக பயணிகளின் பங்கும் குறிப்பிடத்தக்கது. தொல்காப்பியர் பட்டியலின் கடைசியில் வைத்த கண்டோர் இவர்கள்தான். “இவருக்கு சுகர். ஆனா வர்க்கி வாங்கணும்னு ஊட்டிக்கு வராரு” என்று ஓர் அம்மாள் இவ்வாய்வாளரிடம் முறையிட்டார். அவர் கணவர் உடனே, “சார், அரை வர்க்கி சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க” என்றார். இருவருக்கும் நடுவே ஓரடி இடைவெளிகூட இல்லை. ஆய்வாளர் களத்தில் தலையிடக்கூடாது என்ற விதி இருப்பதால் ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்க்க நேர்ந்தது.

குன்னூர் தாண்டியதும் டீசல் எஞ்சின் மாறுகிறது. புகையும் குலுங்கலும் குறைந்து பேச்சில் ஒரு நிதானம் வருகிறது. கேத்தி நிலையம் நெருங்க நெருங்கப் பெட்டிக்குள் ஒரு பரபரப்பு. 1982இல் வந்த மூன்றாம் பிறையின் கடைசிக் காட்சியை பாலு மகேந்திரா எடுத்த நிலையம் இது. இன்று எழுபதை எட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அது இளமையில் பார்த்த படம். “எனக்கும் அந்த ஸ்ரீதேவி மாதிரி எல்லாம் மறந்துபோச்சுன்னா, நீங்க கமல் மாதிரி குட்டிக்கரணம் போட்டுக் காட்டுவீங்களா?” என்று ஒரு மனைவி பிளாட்பாரத்தைப் பார்த்துக் கேட்டார். கணவர் யோசித்தார். “முட்டிக்கு டாக்டர் ஒத்துக்கமாட்டார்” என்றார். வண்டி லவ்டேலை அடையும்வரை அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு இருந்தது.  

இரண்டாம் களமாகிய கப்பலுக்கு வருவோம். இங்கே தொடக்கத்திலேயே ஒரு சிக்கல். கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் கூட்டிச் செல்லும் வழக்கம் இல்லை என்று அகத்திணையியல் சொல்கிறது. கலத்திற் பிரிவு என்றால் தலைவி கரையில்தான். நம் ஊரில் நெடுங்காலம் நிலைமை ஏறத்தாழ இப்படியே இருந்தது. 1926இல் கட்டிய ரஜூலா கப்பலில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் மேல்தளத்தில் டிரங்குப் பெட்டியோடு நெருக்கியடித்துப் போனார்கள், பிழைக்கப் போனார்கள்; கடலை ரசிக்க யாரும் ஏறவில்லை.

இந்த இலக்கணத்தை மீறியது ஒரு ஜெர்மானியர். அட்லாண்டிக்கில் குளிர்காலத்தில் பயணிகள் வராமல் கப்பல் சும்மா கிடக்கிறதே என்று ஆல்பர்ட் பாலின் என்ற கப்பல் நிறுவன அதிகாரி 1891 ஜனவரியில் அகஸ்டா விக்டோரியா என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். 241 பயணிகளில் அவரும் அவர் மனைவியும் அடக்கம். அந்த மீறல் இன்று விதியாகவே மாறிவிட்டது. உல்லாசக் கப்பல்களில் ஓர் அறைக்கு இருவர் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டணம் சொல்கிறார்கள். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் இரண்டாவது ஆளுக்கும் சேர்த்து ஏறக்குறைய முழுக் கட்டணம் கட்ட வேண்டும். மனைவியைக் கரையில் விட்டுச் செல்லும் பழந்தமிழ்த் தலைவன் இன்று இருமடங்கு செலவழிப்பான்.

சென்னையிலிருந்தே இந்த வசதி 2022 ஜூனில் வந்தது. கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 1990இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் வேறொரு நிறுவனத்துக்காகச் சேவைக்கு வந்த கப்பல் அது; தானும் நடுவயதைத் தாண்டியதுதான் என்பதால் மூத்த தம்பதியருக்குப் பொருத்தம். அடுத்த ஆண்டு அது காங்கேசன்துறைக்கும் போயிற்று.

கருதுகோளுக்கு உண்மையான சோதனை இங்கேதான். நடுக்கடலில் பார்க்க என்ன இருக்கிறது? காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர். “பாத்தீங்களா, தண்ணி” என்று எத்தனை முறை சொல்ல முடியும்? பதின்மூன்றாவது வாயில் அரை மணி நேரத்தில் அடைபட்டுவிடுகிறது. இவ்வாய்வாளர் தம் கட்டுரையைக் கடலில் எறியும் எண்ணத்துக்கே வந்துவிட்டார்.

அப்போதுதான் கப்பல் நிர்வாகங்களின் இலக்கணப் புலமை வெளிப்பட்டது. ஜன்னல் கைவிடும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனவே பழைய வாயில்களையே சம்பளம் கொடுத்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். மாலையில் அரங்கில் ஆடுகிறவர்கள் கூத்தரும் விறலியரும். நீச்சல்குளத்தருகே கிதாரோடு நிற்பவன் பாணன். ஓடியாடித் தட்டு எடுக்கும் பையன்கள் இளையர். சாப்பாட்டு மேசையில் அறிமுகமாகும் கோயம்புத்தூர்த் தம்பதி விருந்தினர். விடியற்காலையில் தளத்தில் நடைபயிலும்போது கணவருக்குக் கிடைக்கும் இன்னொரு ஓய்வுபெற்றவர் பாங்கன். “அவர் வொய்ஃப் அவரை மூணு ஜிலேபி சாப்பிட விடறாங்களாம்” என்று அந்தப் பாங்கன் வழியாகச் செய்தி போகிறது. “அவருக்கு சுகர் இருக்கான்னு கேளுங்க” என்று பதில் வருகிறது. கரையில் இறந்துபோன ஓர் அமைப்பு பதினொரு அடுக்கில் உயிரோடு மிதப்பதைக் கண்டபோது ஏற்பட்ட வியப்பைக் கல்விப்புல நடையில் சொல்ல இயலாது.

கப்பல் கிளம்பும் நேரத்தில் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியையும் சொல்ல வேண்டும். 1912 டைட்டானிக்குக்குப் பிறகு பிறந்த சர்வதேச விதிகள், 2012இல் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபின் இன்னும் இறுகின. பயணிகள் ஏறியதும், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ, பயிற்சி நடந்தாக வேண்டும். உயிர்காப்பு அங்கியை எப்படி மாட்டுவது என்று காட்டுகிறார்கள். அவரவர் அங்கியை அவரவர் மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது அறிவிப்பு. மூத்த தம்பதியர் யாரும் அப்படிச் செய்யவில்லை. கணவரின் வாரை மனைவி இழுத்துக் கட்டுகிறார், “மூச்சு முட்டுதுடி” என்றதும் இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறார். இந்தச் செயலுக்கு வாயில் எதுவும் தேவைப்படவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டு நகர்கிறோம். கருதுகோளுக்கு இது சற்று இடைஞ்சல்.

ஆய்வின் வரம்புகள்: அறைக்கதவு சாத்தியபின் நடப்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. படுக்கைகள் சேர்த்தால் ஒன்றாகவும் பிரித்தால் இரண்டாகவும் ஆகும் வகை. “சேர்த்துப் போடவா, பிரித்துப் போடவா?” என்று பணியாளர் கேட்டபோது அடுத்த அறைத் தம்பதியில் ஒருவர் சேர்த்து என்றும் மற்றவர் பிரித்து என்றும் ஒரே நேரத்தில் சொன்னதுவரை காதில் விழுந்தது. யார் எதைச் சொன்னார் என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடலாம். அதற்கு மேல் சுவருக்கு அப்பாலிருந்து கிடைத்த ஒரே தரவு குறட்டை. காலையில் விசாரித்தபோது இருவருமே அது மற்றவருடையது என்று தனித்தனியாக உறுதியளித்தார்கள்.